உபயமில்லாத நீதிபதிகள்

எங்கள் சங்கத்தில் நீதிபதியாக வருவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மட்டன் ரோல்ஸ் கொடுக்கத் தெரிந்தால் போதும். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் எங்கள் இணக்கசபைக்குத் தேர்தல் நடக்கும். மூன்று பேரைத் தெரிவு செய்வோம். வாக்குப் போடுவதற்கு முதல், வரிசையில் நின்று ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்குவோம். ரோல்ஸ் நன்றாக இருந்த வருடங்களில் சனமும் நிறைய வந்தது.

இணக்கசபை என்ற பெயரை ஊரிலிருந்து கொண்டுவந்தோம். அங்கே வேலிச் சண்டை, வாய்ச் சண்டை எல்லாம் கோர்ட்டுக்குப் போக முதல் இணக்கசபையில்தான் பேசித் தீர்ப்பார்கள். மொன்றியலில் எங்களுக்கு வேலி இல்லை, ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. மண்டபத்தை ஒரே நாளில் இரண்டு கலியாணத்துக்குக் கொடுத்த சண்டை, மேல்வீட்டில் இரவிரவாகத் தையல் மெஷின் ஓடுகிற சண்டை, கூட்டாக வாங்கிய வான் வண்டியை யார் கழுவுவது என்ற சண்டை. அரசாங்கக் கோர்ட்டுக்குப் போனால் பிரெஞ்சு வேண்டும், வக்கீல் வேண்டும், ஒருநாள் வேலை போகும். எங்கள் சபைக்குப் போனால் ஞாயிறு பூசை முடிந்த கையோடு விசாரணை. தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாகச் சங்கத்தில் சேரும்போதே எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். இந்த நாட்டில் நீதிபதிகளை மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை, அரசாங்கம் நியமிக்கும். நாங்கள் மட்டும் எங்கள் மூன்று பேரையும் நாங்களே தெரிவு செய்கிறோம் என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எனக்கும் அந்தப் பெருமை இருந்தது, எனக்கென்று ஒரு வழக்கு வரும்வரை.

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் நான் ஒன்பது வருடம் வேலை செய்தேன். முருங்கைக்காய் கட்டுவேன், மீன் நிறுப்பேன், காசு மேசையிலும் நிற்பேன். ஓர் ஒக்டோபர் சனிக்கிழமை, பகல் பதினொரு மணி, கடை நிறையச் சனம். அந்த மாதம் கடையில் சாமான் குறைந்துகொண்டே போனதாம். முதலாளி என் கைப்பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். கைக்குட்டை, செபமாலை, மெத்ரோ அட்டை, ஒரு பைக்கற் மிளகாய்த்தூள். "ஒன்பது வருஷமா இப்பிடி எவ்வளவு போச்சோ!" என்று மீன் பகுதிவரை கேட்கும்படி சொன்னார். முதல்நாள் மாலை காசு கொடுத்து வாங்கி, பையிலிருந்து எடுக்க மறந்த தூள் அது.

"பில் வீட்டிலை கிடக்கு, அண்ணை," என்றேன்.

"அதை ஃபிரேம் போட்டுக் கொழுவு," என்றார். யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை தெரியாது.

அந்தக் கிழமையே வேலை போயிற்று. அதற்காக நான் அழவில்லை. கோட்-டெ-நெய்ஜில் நான் இருக்கிற கட்டடத்துக்கு இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்தது. சம்பளமும் கூடுதல். ஆனால் அடுத்த ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்திலிருந்த பெண், வாங்குப் பலகையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கெட்டவள் அல்ல. கை தானாகப் போயிருக்கும். அன்றைக்கு நற்கருணை வாங்கப் போகாமல் வெளியே வந்து, பூசை முடியும்வரை ஆத்திரத்தோடு படிக்கட்டில் நின்றேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கள்ளி என்று சொன்ன வாய், அதே கடையில், அதே சனத்துக்கு முன்னால், கள்ளி இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்காக இணக்கசபையில் வழக்குப் பதிந்தேன். பழைய சபையின் காலம் முடிகிறது, சித்திரையில் புதிய சபை வந்ததும் முதல் வழக்கு உன்னுடையதுதான் என்றார்கள். பில்லைத் தேடியெடுத்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பனி உருகத் தொடங்கியபோது தேர்தல் நோட்டிஸ் வந்தது. ஐந்து பேர் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு நோட்டிஸ், பளபளப்பான தாள், கலர்ப் படம். முதல் நோட்டிஸின் கடைசியில் சிவப்பு எழுத்தில் 'உபயம்' என்று போட்டு என் பழைய முதலாளியின் கடைப் பெயர் இருந்தது. இரண்டாவதைப் பார்த்தேன். அதிலும் உபயம் அவர்தான். ஐந்திலும் அவர்தான். வாக்குப் போட வருகிறவர்களை ஏற்றி இறக்குகிற வானும், அன்றைய ரோல்ஸும் அவர் உபயம் என்று எல்லாவற்றிலும் அச்சடித்திருந்தார்கள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒளித்து மறைத்துக் கொடுத்திருந்தால் அது லஞ்சம். எங்கள் ஆட்கள் அதைப் படத்துக்குக் கீழே சிவப்பில் அடித்து, மெத்ரோ வாசலில் நின்று கையில் தருகிறார்கள். இதில் யாரும் வெட்கப்படவில்லை, ஏனென்றால் எங்களுக்கு உபயம் என்றால் நல்ல காரியம். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர். எங்கள் தேவாலயப் பங்கில் நவநாளுக்கு நவநாள் ஓர் உபயகாரர். கலண்டர் உபயம், கலைவிழா உபயம், கரப்பந்தாட்டச் சட்டை உபயம். அந்தப் பழக்கத்திலேயே நீதிபதிகளுக்கும் உபயம் எடுத்துவிட்டார்கள். கடவுளுக்கு உபயம் செய்தவனைக் கடவுள் தீர்ப்பு நாளில் எப்படி நடத்துவார் என்று எனக்குத் தெரியாது. மனிதர்கள் எப்படி நடத்துவார்கள் என்று தெரியும்.

போட்டியிட்ட ஐவரில் ஊரில் படிப்பித்த ரீச்சர் ஒருவர் இருந்தார். நேர்மைக்குப் பெயர் போனவர். பேரப்பிள்ளைகளைக் கார்டெரிக் காப்பகத்தில் விட்டுவிட்டு வரும் வழியில் அவரை மறித்து, அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டினேன்.

"அவர் அஞ்சு பேருக்கும் தானே குடுத்தவர், பிள்ளை. ஒருத்தருக்குக் குடுத்தால் தான் பிழை," என்றார்.

"அஞ்சு பேருக்கும் குடுத்தால் ஆர் வெண்டாலும் அவரின்ரை ஆள் தானே, ரீச்சர்?"

அவர் முகம் சிவந்தது. "என்னை ஒரு நோட்டிஸுக்கு வாங்கலாம் எண்டு நினைக்கிறீரோ? நாப்பது வருஷம் படிப்பிச்சனான்."

"நீங்கள் விலை போவியள் எண்டு நான் சொல்லேல்லை. நான் உங்களுக்கு முன்னாலை வந்து நிக்கேக்கை, இதை மறந்திட்டு நிக்க என்னாலை ஏலாது."

ரீச்சர் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். மனம் நொந்துதான் போனார். எனக்கும் கவலையாக இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க மனமில்லை.

அடுத்தநாள் ஆஸ்பத்திரியில் இடைவேளைக்கு, என்னோடு துடைக்கிற கியூபெக்காரியிடம் இந்தக் கதையை என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த மாகாணத்தில் ஒரு கம்பனி தேர்தலுக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாதாம். வாக்குரிமை உள்ள ஆள் மட்டும், தன் சொந்தக் காசில், கொஞ்சமாகக் கொடுக்கலாமாம். மிச்சச் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே பொதுப்பணத்திலிருந்து கொடுக்குமாம். "அப்படியும் களவு நடக்கத்தான் பார்க்கும்," என்றாள். "ஆனால் செய்கிறவன் ஒளித்துத்தான் செய்ய வேண்டும். உங்கள் ஆட்கள் போல நோட்டிஸில் அடிக்க முடியாது."

நான் வாளியைத் தள்ளிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன். அந்த மாடி முழுவதையும் துடைத்து முடிக்கும்போது சங்கத்தில் என்ன பேசுவது என்று முடிவாகிவிட்டது.

தேர்தலுக்கு மூன்று கிழமைக்கு முதல் பொதுக்கூட்டம். அதற்கும் முதலாளிதான் ரோல்ஸ். பின்பக்க மேசையில் நான்கு தட்டு, வெள்ளித் தாளால் மூடி. நிலவறை முழுக்க வாசம். எனக்கு வேலை முடிந்து நேரே வந்த பசி. எழும்பி நின்று என் பிரேரணையை வாசித்தேன். சபைக்குப் போட்டியிடுகிறவர்கள் வெளியில் யாரிடமும் காசோ, தாளோ, வானோ, சாப்பாடோ வாங்கக்கூடாது. சங்கத்தின் பொதுப் பணத்தில் ஒரே ஒரு தாள் அடிக்க வேண்டும், ஐந்து பேருக்கும் ஒரே அளவு இடம். தேர்தலன்று சங்கத்தின் செலவில் வெறும் தேத்தண்ணி.

வெறும் தேத்தண்ணி என்றதும் ஒரு முனகல் எழுந்தது.

முதலில் எழும்பியவர் டாக்சி ஓட்டுகிற ஒருவர். அவரும் ஐவரில் ஒருவர், குரல் கொஞ்சம் பெரிது. "என்ரை சந்தாக் காசிலை எனக்குப் பிடிக்காத ஆளுக்கு நோட்டிஸ் அடிக்கவோ? இதென்ன ஞாயம்?"

"உங்களுக்குப் பிடிக்காத ஆளும் வெல்லலாம், அண்ணை. நாளைக்கு உங்களை விசாரிக்கலாம். அந்தாளை ஆர் கொண்டுவந்து கதிரையிலை இருத்தினதா இருக்கோணும்? உங்கடை சந்தாவோ, உங்களோடை வழக்காடுற ஆளோ?"

கொஞ்சம் சிரிப்பு. டாக்சிக்காரர் கதிரையில் அமரவில்லை. "உமக்கு வழக்கொண்டு கிடக்கு. அதுக்குத்தான் இந்த நாடகம் எல்லாம். உண்மையாப் பொதுநன்மைக்கு எண்டால் வழக்கை வாபஸ் வாங்கும். நான் முதல் ஆளாக் கை உயர்த்துறன்."

பலர் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சுப்போலத்தான் இருந்தது. வழக்கை விட்டால் பிரேரணை வெல்லும் என்று அந்தத் தலைகளைப் பார்க்கவே தெரிந்தது. விட்டால் நான் சாகும்வரை மிளகாய்த்தூள் கள்ளி. நல்ல சட்டம் கொண்டுவந்த கள்ளி என்று வேண்டுமானால் சொல்வார்கள்.

"விடமாட்டன்," என்றேன். "வழக்கிருக்கிறபடியால் தான் எனக்கு இது விளங்கினது. வழக்கில்லாத காலத்திலை நானும் வரிசையிலை நிண்டு ரோல்ஸ் திண்டனான். வழக்கும் வேணும், ஞாயமான சபையும் வேணும். ஒண்டைத் தந்து மற்றதை வாங்க நான் சந்தைக்கு வரேல்லை."

அப்போது முதலாளி எழும்பினார். அவர் கத்தவில்லை. பொது இடத்தில் அவர் என்றைக்குமே கத்தியதில்லை, கடைக்குள்தான். "தங்கச்சி, நான் இந்தச் சனத்துக்கு ஆசையாச் செய்யிறன். உம்மடை மனுசன்ரை செத்தவீட்டுக்கு மூண்டு நாள் சாப்பாடு ஆர் குடுத்தது? கணக்குப் பார்த்தனானோ?"

அது உண்மை. மூன்று நாளும் அவர் கடைச் சோறுதான். என் கணவர் போன அந்தக் கிழமையில் அடுப்பு மூட்ட எனக்கு நினைவில்லாமல் இருந்தபோது, அந்த மனிதர் சட்டி சட்டியாக அனுப்பினார். ஆனாலும் சொன்னேன். "ஓம் அண்ணை. குடுத்தனீங்கள். நான் நன்றி மறக்கேல்லை. நான் ஒருத்தி மறக்கேலாமல் நிக்கிறன் பாருங்கோ. அப்ப அந்த மூண்டு பேரும் எப்பிடி மறப்பினம்?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு முன்வரிசையில் ரீச்சர் எழும்பினார். எனக்கு எதிராகத்தான் என்று நினைத்தேன்.

"போன கிழமை கடைக்கு மீன் வாங்கப் போனனான்," என்றார். "இவர் காசு வாங்கேல்லை. 'சபைக்கு வரப்போற ஆக்களிட்டை வாங்கேலுமே ரீச்சர்' எண்டு பகிடியாச் சொன்னவர். நானும் சிரிச்சுப்போட்டு மீனைக் கொண்டு வந்திட்டன். கறி வைக்கேக்கை தான் இந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. நான் பிரேரணைக்கு ஆதரவு."

கை எண்ணினார்கள். மூன்று கை கூடுதலாக வென்றோம். டாக்சிக்காரர் கை உயர்த்தவில்லை. புதிய விதி தேர்தலுக்குத்தான், இன்றைய கூட்டத்துக்கு இல்லை என்று யாரோ அவசரமாக விளக்கம் சொல்ல, எல்லோரும் பின்பக்க மேசைக்குப் போனார்கள். நான் சாப்பிடவில்லை. அந்த வாசத்தை மணந்துகொண்டு வெறும் வயிற்றோடு மெத்ரோவுக்கு நடந்தது என் வாழ்க்கையில் பெரிய தியாகங்களில் ஒன்று.

தேர்தலன்று தாள் கறுப்பு வெள்ளையில் இருந்தது. ஐந்து படமும் கடவுச்சீட்டுப் படம் அளவு, எல்லோரும் அதில் ஒரேமாதிரித் திருடர்போலத் தெரிந்தார்கள். தேத்தண்ணியை நானும் ரீச்சரும் ஊற்றினோம், சாயம் கூடிவிட்டது. வான் இல்லாததால் சனம் குறைவு. வந்தவர்கள் முகம் சுளித்துக் குடித்தார்கள், ஆனால் வாக்குப் போட முதல் அந்தத் தாளை வாசித்தார்கள். வாசிப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை.

ரீச்சர் தோற்றார். மீன் கதையைத் தன் வாயால் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது. அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அவர் மட்டும் கோப்பைகளைக் கழுவியபடி, "பரவாயில்லை பிள்ளை, மீன் நல்ல மீன்," என்றார். வென்ற மூவரில் டாக்சிக்காரர் முதலிடம்.

இனி முடிந்தது என்று நினைத்தேன். நானே சண்டை பிடித்துச் சுத்தம் செய்த கதிரையில், எனக்கு முன்னாலேயே என்னை நாடகக்காரி என்று சொன்ன மனிதர் வந்து இருந்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து விசாரணை. வேதப்புத்தகத்தைத் திறந்து பில்லை எடுத்தேன். வெறும் வெள்ளைத் தாள். ஆறு மாதத்தில் எழுத்து முழுக்க அழிந்துபோயிருந்தது. அதையே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

டாக்சிக்காரர் சிரிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தத் தாள் வெளுக்கத்தான் செய்யும். என்ரை டாக்சி பில்லும் இப்பிடித்தான்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒன்பது வருஷத்திலை கடையிலை ஒண்டும் எடுக்கேல்லையோ?"

"கறிவேப்பிலை எடுத்தனான். வாடினதை எடுங்கோ எண்டு அவர் தான் எல்லாருக்கும் சொன்னவர்."

எழுதிக்கொண்டார். முதலாளி பக்கம் திரும்பினார். "அண்ணை, வேலைக்காரருக்கு விலையிலை கழிவு குடுக்கிறனீங்கள் தானே? அது மெஷினிலை பதியும். முதல்நாள் பின்னேரம் கழிவிலை தூள் போயிருக்கோ எண்டு பார்த்தனீங்களோ?"

"பார்க்கேல்லை."

"ஏன் பார்க்கேல்லை?"

முதலாளி மற்ற இருவரையும் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பார்க்கத் தேவையெண்டு படேல்லை," என்றார்.

"அடுத்த ஞாயிறு அதைப் பார்த்துக் கொண்டு வாங்கோ," என்றார் டாக்சிக்காரர். எங்கள் கூட்டங்களுக்கு ரோல்ஸ் கொடுக்கிற மனிதரிடம் அந்த நிலவறையில் இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

முதலாளி கொண்டுவந்தார். அதற்கு அவரை மதிக்கிறேன், கொண்டுவராமலும் விட்டிருக்கலாம். முதல்நாள் மாலை, வேலைக்காரர் கழிவில், மிளகாய்த்தூள் ஒரு பைக்கற். அன்று மாலை வேலைக்கு நின்றவள் நான் ஒருத்திதான். மூவரும் ஒரே தீர்ப்பு. நான் களவெடுக்கவில்லை என்று முதலாளி, பையைக் கவிழ்த்த அதே கடையில், சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்குச் சொல்ல வேண்டும். வெளியே வரும்போது டாக்சிக்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். "எனக்கு நன்றி சொல்லாதையும். வழக்கை விடச் சொன்ன ஆள் நான்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை கடை நிறையச் சனம். விஷயம் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார்கள், மிளகாய்த்தூள் வாங்க அல்ல. பூசையில் பையை மடியில் வைத்த பெண்ணும் கத்தரிக்காய்ப் பக்கம் நின்றாள். நான் அதே கைப்பையை அதே மேசையில் வைத்துவிட்டு நின்றேன். முதலாளி குனிந்துகொண்டு, காசுப் பெட்டியிடம் சொல்வதுபோல முணுமுணுத்தார். "இவ களவெடுக்கேல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது.

"கேக்கேல்லை, அண்ணை," என்றேன். "அண்டைக்குச் சொன்ன சத்தத்திலை சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. மீன் வெட்டுகிற பெடியன் கத்தியைக் கீழே வைத்தான்.

சொன்னார். மீன் பகுதிவரை கேட்டது.